மூன்றாவது சர்வரும் முனீஸ்வரியும்

பவதாரணி என்ன வேலை பார்க்கிறாள் என்று போடியில் அவள் குடியிருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும், கம்ப்யூட்டரில் ஏதோ என்பார்கள். கட்டிய கணவன் மனோஜுக்கே அதற்கு மேல் சொல்லத் தெரியாது. மாடி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடி, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் ஏழு சர்வர்களில் எதன் தலையில் பாரம் கூடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயின் தரம், எடை, ஏலம் போன விவரம் எல்லாம் அந்த ஏழிலும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் நெரிசல் கூடினால் கொஞ்சத்தை எடுத்து வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்.

முதலில் பிரித்த புண்ணியவான் ஊர்வாரியாகப் பிரித்துத் தொலைத்திருந்தான். போடி விவரம் முழுக்க மூன்றாவது சர்வரில் போய் விழுந்தது. ஏல நாளில் மற்ற ஆறும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவதுக்கு மட்டும் மூச்சு முட்டும். ஆனாலும் 'இருக்கிறாயா' என்று சில நொடிக்கொரு முறை போகும் கேள்விக்கு, 'இருக்கிறேன்' என்று தவறாமல் பதில் சொல்லிவிடும். திரையில் பச்சை விளக்கு எரியும். பச்சையை நம்பாதே, பின்னால் எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது என்று பார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு பவதாரணி பாடம் எடுப்பாள்.

போன ஆவணியில் கம்பெனி எட்டாவதாக ஒரு சர்வர் வாங்கியது. மேலாளர் ஜான் ஆர்வக்கோளாறில் ஏல நாள் காலையிலேயே மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டார். பாரத்தை இறக்குவதும் ஒரு பாரம்தானே. தன்னிடம் உள்ளதையெல்லாம் எடுத்து எட்டாவதுக்கு அனுப்பும் வேலையையும் மூன்றாவதுதான் செய்தாக வேண்டும். வழக்கமான கூட்டத்தோடு இதுவும் சேர்ந்ததும் பதினோரு மணிக்கு அது படுத்துவிட்டது.

"வர்ற லோடை மொதல்ல நிறுத்தணும் சார். அப்புறந்தான் இருக்கிறத எடுக்கணும்" என்று பவதாரணி கோபமாகவே சொன்னாள். அன்றிலிருந்து கம்பெனியில் அதுவே சட்டமானது. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போடிக்குப் பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் அவளுடைய அக்கா முனீஸ்வரி இருந்தாள். கட்டியவன் விட்டுப் போன பிறகு பெற்ற அய்யா வீரணனோடு பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். ஆறு வருஷத்துக்கு முன்பு அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது, நினைவும் பாதி தப்பிப்போனது. முனீஸ்வரி விடிவதற்குள் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, பக்கத்து வீட்டு மருதாயியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறுவாள். போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காய் எடுப்பாள். சாயங்காலம் திரும்பி வந்தால் மறுபடி அய்யா.

பவதாரணி மாதம் ஒரு முறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒரு போன். அய்யா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, இரண்டு பேரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்பாள். இருக்கோம் என்பாள் அக்கா. தங்கச்சிக்கு மனம் நிறைந்துவிடும்.

புரட்டாசியில் ஒரு நாள் மருதாயி போன் செய்தாள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது முனீஸ்வரி தலை கிறுகிறுத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். பவதாரணிக்குப் பதறிவிட்டது. அய்யாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். நல்ல முடிவுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அக்காவுக்கு ஒரு பட்டியலும் அனுப்பினாள்: ஆஸ்பத்திரியில் சீட்டெல்லாம் வாங்கிவை, ஒரு மாத மாத்திரையைப் பிரித்துக் கட்டு, கட்டிலைக் கழற்றச் சொல், வண்டி பேசு, வெள்ளிக்கிழமைக்குள் முடி. இவளுக்கு அந்த வாரம் கம்பெனியில் தலைக்கு மேல் வேலை.

மலையிலும் அப்போது காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. முனீஸ்வரி ஜீப்பை ஒரு நாளும் விடவில்லை. மலையிலிருந்து இறங்கிய பிறகும், ஏறுவதற்கு முன்பும் பட்டியலில் இருந்ததை ஒவ்வொன்றாக முடித்தாள். ஒரு வாரம் மலைக்குப் போகாதே அக்கா என்கிற ஒரே ஒரு வாக்கியம் பவதாரணியின் வாயில் வரவில்லை. ஊருக்கே பாடம் எடுத்தவளுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை முனீஸ்வரியும் வண்டிக்காரரும் அய்யாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. இருந்துவிட்டுப் போகச் சொன்னதற்கு, "காலையில ஜீப்பு இருக்கு, வர்றேன் தாரணி" என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் ஏலச்செடிகளுக்கு நடுவே விழுந்தாள். வளைவு வளைவாக ஜீப்பு இறங்கி போடி வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

அய்யாவை மனோஜிடம் விட்டுப் போயிருந்த பவதாரணி, தேவாரத்தில் அடக்கம் முடிந்து திரும்பியதும் அவருக்குக் கஞ்சி எடுத்துப் போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. குழறலாக, "முனீசு சாப்ட்டாளா?" என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். அய்யா சத்தமில்லாமல் அழுதார். அடுத்த வேளைக்குள் மறந்துபோனார், மறுபடி அதையே கேட்டார். மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அப்போதுதான் மகள் செத்தாற்போல் அழுதுவிட்டு, கஞ்சியைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பவதாரணி மருதாயிக்குப் போன் செய்தாள்.

"அதத்தான் ஆத்தா வேளாவேளைக்குக் கேப்பாரு. சாப்ட்டேன்யான்னு உங்கக்கா சொன்னாத்தான் வாயத் தெறப்பாரு" என்றாள் மருதாயி. "பாதி நாளு அவ சாப்ட்டிருக்க மாட்டா."

பவதாரணி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷம், சாயங்காலம் தவறாத போன். அய்யா சாப்பிட்டாரா என்று ஒரு நாள் விடாமல் கேட்டிருக்கிறாள். நீ சாப்பிட்டாயா அக்கா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பாதி நினைவு போன மனுஷன் வேளைக்கு ஒரு முறை கேட்டதை அவள் கேட்கவில்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு எழுந்து கஞ்சியைச் சுடவைத்து அய்யாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"முனீசு சாப்ட்டாளா?"

"சாப்ட்டாய்யா" என்றாள் பவதாரணி.

அய்யா வாயைத் திறந்தார்.