மேவிஸ் வீட்டுக் கணப்பின் மூன்றாம் எண்

மேவிஸ் ஹார்டி அழவில்லை. ஏப்ரல் மாதம் கணவர் கிளிஃபை எரியூட்டிய அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அவர்கள் தெருவில் இதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. "ஐம்பத்தோரு வருஷம் கூட இருந்த மனுஷன். ஒரு சொட்டு விட்டாளா பாரு!" என்று மீன் வறுவல் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசினார்கள். வராத அழுகைக்கு அவள் என்ன செய்வாள், கடையிலா வாங்க முடியும்? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது அவளுக்கு எல்லாமே. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

எரியூட்டிய அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் சாண்ட்விச்சும் டீயும் முடித்துவிட்டுக் கிளம்பியதும் அவள் செய்த முதல் காரியம், முன்னறைக் கணப்பை அணைத்ததுதான். கேஸில் எரியும் கணப்பு அது. நகராட்சியின் வாடகை வீடு என்பதால் நகராட்சியே மாட்டிக் கொடுத்தது. பக்கவாட்டில் ஒரு திருகு, அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். எதிரே கிளிஃபின் நாற்காலி.

அந்தத் திருகுதான் அந்த வீட்டின் ஓயாத வழக்கு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் கிளிஃப். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கதவு திறந்து திறந்து குளிர் எலும்புக்குள் போய்விட்டது என்பார். கடைசிக் காலத்தில் பாதமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அவர் மூன்றில் வைப்பார். மேவிஸ் சமையலறைக்குப் போகிற போக்கில், குனிந்தது கூடத் தெரியாமல், ஒன்றுக்குத் திருகிவிட்டுப் போவாள்.

"ஏய் மேவிஸ், என்னையக் குளிர்லயே கொன்னுடாதடி."

"கம்பளிக் கார்டிகன் எதுக்கு இருக்கு, அழகு பாக்கவா? எடுத்து மாட்டு."

"மாட்டியாச்சு. ரெண்டு மாட்டியாச்சு."

"அப்ப மூணாவது மாட்டு. நீ என்ன கேஸ் கம்பெனிக்காரன் வீட்டு மாப்பிள்ளையா?"

அவள் வளர்ந்த விதம் அப்படி. தறி ஓட்டிய அம்மாவுக்கு ஐந்தாவது பெண். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் பரிமாறினாள். இருநூறு ரொட்டிக்கு அரைக் கட்டி வெண்ணெயைத் தடவி முடிக்கிற கை அது. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று பக்கத்து வீட்டு ஷெர்லி முகத்துக்கு நேராகவே சொல்வாள், மேவிஸும் சிரித்துக்கொள்வாள். சும்மா சொல்லக் கூடாது, அதில் பொய்யும் இல்லை.

ஆனால் ஷெர்லிக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தால் மணிக்கு இருபத்தைந்து பென்ஸ் மிச்சம் என்று ஏதோ துண்டுத்தாளில் படித்ததிலிருந்து, தினமும் ஒரு பவுண்டு காசை மேவிஸ் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வந்தாள். ஜூன் மாதம் லண்டட்னோ கடற்கரையில் ஒரு வாரம், கடல் பார்த்த அறை. கிளிஃபிடம் மூச்சு விடவில்லை. வெயிலில் உட்கார்த்தி வைத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள்.

போன குளிர்காலம் முழுக்க கிளிஃப் சண்டையே போடவில்லை. அவள் குறைத்தால் பேசாமல் கையை அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக மனுஷனுக்குப் புத்தி வந்தது என்று அவள் நினைத்தாள். ஏப்ரலில் அவர் இதயம் நின்றுபோனது. டப்பாவை மாவு அலமாரிக்குள் தள்ளிவிட்டு அதை அவள் மறந்தே போனாள்.

நவம்பரில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. வருஷாந்திர கேஸ் பரிசோதனை, வியாழன் காலை பத்து மணி. ஷெர்லி தன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"கேஸ் கார்டுல காசு இருக்கா?" என்றாள். கடையில் கார்டில் காசு ஏற்றி மீட்டரில் போட்டால்தான் அந்தத் தெருவில் கேஸ் வரும்.

"எதுக்கு? ஏப்ரல்லேருந்து பத்தவைக்கவே இல்ல. செலவு ஏது?"

"அடி அசடே! பத்தவெச்சாலும் வைக்காட்டியும் தினம் முப்பது பென்ஸ் புடுங்குவான். போய் மீட்டரப் பாரு."

மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தால் அறுபத்து மூன்று பவுண்டு பாக்கி. மேவிஸுக்குச் சமையலும் வெந்நீரும் கரண்டில். கேஸ் என்பது அந்தக் கணப்புக்கு மட்டும்தான்.

"எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் எரியாத வீட்டுலயும் புடுங்குறானே," என்றாள் மேவிஸ்.

"சிரிப்ப விடு. ஆள் வர்றப்ப கேஸ் இல்லேன்னா குழாய மூடி சீல் வெச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் கணப்பையே கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போனாப் போகட்டும்."

சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. புதன்கிழமை காலை முன்னறையைப் பெருக்கும்போது நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த கிளிஃபின் கார்டிகன் கையில் பட்டது. அதை மடித்தாள், பிறகு பிரித்து இருந்தபடியே போட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது, நேராகப் போய் மாவு அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

முனைக்கடைக்காரன் காசுக் குவியலைப் பார்த்து வாயைப் பிளந்தான். "என்ன கண்ணு, உண்டியல ஒடச்சியா?"

"லண்டட்னோ," என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. கேஸ் கார்டுல எண்பது போடு."

வியாழக்கிழமை பரிசோதனைக்கு வந்தவன் பெயர் டெரன்ஸ். ஐம்பது வயது, வழுக்கை, மூட்டுவலி. அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அப்படியே. கணப்பின் முன்னால் முனகிக்கொண்டே மண்டியிட்டான். பற்றவைத்ததும் ஏழு மாதத் தூசி கருகும் வாடை எழுந்தது. திருகை மூன்றில் வைத்தான், இரண்டில் வைத்தான், ஒன்றில் வைத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தான்.

"மூணுல பரவால்ல. ஒண்ணுல ஒண்ணுமே இல்லையே கண்ணு. உள்ள அடச்சிருக்கு. வெளிச்சம் வருது, சூடு வரல. இருக்கற கொஞ்சமும் புகைபோக்கியில போயிடுது. இதுக்கு முன்னால உக்காந்தா பூனை கூடக் காயாது."

"எவ்வளவு நாளா அப்படி இருக்கும்?"

"கரியப் பாத்தா... ஒரு குளிர்காலம் முழுக்க இருக்கும். ஏன், ஒண்ணுலயா எரிச்சீங்க?"

 அவன் தூரிகை போட்டுச் சுத்தம் செய்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். "இப்ப ஒண்ணுலயே ஜம்முனு காயும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் மேவிஸ் திருகை மூன்றில் வைத்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். சூடு முழங்காலுக்கு வந்தது. தோலுக்குத் தெரிந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சரி, டீ போடலாம் என்று எழுந்து போனாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்து சுவிட்சைத் தட்டிவிட்டு நின்றபோது முன்னறையில் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. மூன்றில் எரியும்போது வரும் அந்த இரைச்சல் இல்லை.

திரும்பி வந்து பார்த்தாள். திருகு ஒன்றில் இருந்தது.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? போகிற போக்கில் அவள் கைதான் குறைத்திருக்கிறது. எதிரே நாற்காலி, அதன்மேல் கார்டிகன்.

மேவிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருகை மறுபடி மூன்றுக்குத் திருப்பி, எங்கே மீண்டும் குறைத்துவிடுவோமோ என்று பயந்தவள் போல, அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே," என்றாள் நாற்காலியைப் பார்த்து. "கத்தியிருக்கலாமே, பாவி மனுஷா. நீதான் கத்துவியே."

அப்போதுதான் வந்தது. ஏழு மாதத்து அழுகையும் ஒன்றாக, சுவர் அதிர வந்தது. கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷெர்லி டிவியை நிறுத்திவிட்டு, செருப்பைத் தேடினாள்.