கொசுறாக வந்த உப்பு

சிலர் மாடு வளர்ப்பார்கள், சிலர் பன்றி. மாசான் கடற்கரையில் பியோ ஜோங்-ரே இருபத்தொரு வருடங்களாகப் புற்றுநோய் வளர்த்துவந்தாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், நுரையீரல் புற்றணுக்களுக்கு இரண்டு நாளைக்கொரு முறை தீனி மாற்றிவைப்பது அவள் வேலை. அறுவடைத் திருநாளுக்கு நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும்போதும், அவள் வெப்பப் பெட்டியைத் திறந்து, "சாப்ட்டீங்களா ஐயா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் செத்துப்போன ஒரு மனிதரின் நுரையீரலிலிருந்து வந்த உயிரணுக்கள் அவை. அவருக்கு வாய்க்காத ஆயுள் அவருடைய நோய்க்கு வாய்த்திருந்தது.

வளர்ப்பது இவள் என்றால், கொல்லப் பார்ப்பது பேராசிரியர் குக். கடல் பிராணிகளை அரைத்து, அவற்றின் புரதத்தைப் பொடிப்பொடித் துணுக்குகளாக்கி, அணுக்களின் தலையில் ஊற்றுவார். பதினாறு வகை ஊற்றிப் பார்த்தாயிற்று. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்பதுபோல அவை கொழுத்தனவே தவிர, ஒன்றும் சாகவில்லை.

அந்தச் சித்திரையில் மிதோதோக்கை அரைத்தார். விரல் நீளப் பிராணி. கடித்தால் வாய்க்குள் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சும். மறுநாள் காலை தட்டில் ஓர் அணுகூட உயிரோடில்லை.

"அம்மா, இத வச்சு எழுதப்போற கட்டுரையில உங்க பேரும் வருது" என்றார் குக். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இத்தனை வருடக் கட்டுரைகளில் எதிலும் அவள் பெயர் ஆசிரியர் வரிசையில் வந்ததில்லை. ஜோங்-ரே சாமான் அறைக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், குடியிருப்பு வாசலில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே துணிப் பதாகை தொங்கியது. புற்றுநோயை வென்ற வீராங்கனைக்கு வாழ்த்தாம். அவள் போனில் சொன்னதைக் கேட்டு, பஸ் ஓட்டும் அவள் கணவன் து-மான் அதைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கட்டுரைய இன்னும் எழுதவே ஆரம்பிக்கலயே."

"எழுதறவங்க மெதுவா எழுதட்டும். பதாகைக்காரன் நாளைக்கு லீவு."

ஆனால் அவள் மனசில் ஒரு முள் தைத்திருந்தது. யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த மருந்தை நல்ல நுரையீரல் அணுக்கள்மேலும் ஊற்றியிருந்தாள். மறுநாள் பார்த்தால் அவையும் காலி. திருடனோடு சேர்த்து வீட்டுக்காரனையும் வெட்டினால் அது என்ன காவல்? போதாததற்கு, மருந்துக் குப்பியின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வருடா வருடம் கிம்ச்சிக்கு நூறு முட்டைக்கோஸ் உப்பிலிடுகிற கைக்கு அது என்னவென்று தெரியாதா? மிதோதோக் விற்கும் சந்தைக்காரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அதுல ஏதாச்சும் போட்டு அனுப்புனீங்களா?"

"வழியில கெட்டுடப் போகுதேன்னு ரெண்டு படி உப்பு போட்டேன்டி. கொசுறுதான். அவருகிட்ட சொல்லிடு, காசு வேணாம்."

கடலிலிருந்து வந்த எதையும் உப்பு நீக்கித்தான் அணுக்களுக்குக் கொடுக்கவேண்டும்; உப்பு மிஞ்சினால் எந்த அணுவும் செத்துப்போகும். உப்பு நீக்க இரண்டு நாள் பிடிக்கும். ஆண்டறிக்கை கழுத்தை நெரித்ததால், புதுச் சரக்குதானே என்று குக் அந்த வேலையைத் தாண்டிவிட்டிருந்தார். படித்தவர்தான், என்ன செய்ய.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் அச்சில் ஏறும். திறந்தால் கட்டுரையே இல்லை. மூச்சு வாங்குகிற எவனோ ஒரு நோயாளி இதைப் படித்துவிட்டு நம்பிக் காத்திருப்பானே என்று நினைத்தாள். ஒரு புதுத் தட்டில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிவைத்தாள். அடுத்த நாள் இரண்டு தட்டுகளைக் கொண்டுபோய்க் குக்கின் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு நம்ம மருந்து, ஒண்ணு சமையல் உப்பு. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

குக் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இதுதான் மருந்து. சாவு எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க" என்றார்.

"அது உப்பு."

அவர் முகம் சுருங்கியது. "வேற யாருக்குத் தெரியும்?"

"சந்தைக்கார அக்காவுக்கு."

"கட்டுரை இல்லன்னா உங்க பேரும் இல்லம்மா. யோசிச்சீங்களா?"

"பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். மனசே ஆறல. அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?"

வீட்டில் து-மான் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "அந்தத் துணிய என்னதான் பண்றது?" என்றான்.

"மடிச்சு வைங்க. மொளகா காயப்போட ஆகும்."

உப்பு நீக்கி, முதலிலிருந்து எல்லாம் நடந்தது. இம்முறை நூறு புற்றணுக்களில் முப்பத்தொன்று செத்தன. நல்ல அணுக்கள் பெரும்பாலும் பிழைத்தன. மருந்தாவதற்கு இன்னும் எத்தனையோ மலை தாண்டவேண்டும். ஆனாலும் முப்பத்தொன்றும் உண்மையான சாவு. உப்புத் தட்டையும் கூடவே வைத்துக் காட்டியிருந்ததால், கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்த வேலையை யார் செய்தது என்று பெயர் பெயராக எழுதித் தரச் சொன்னார்கள்.

குக் தன் பெயரை நான்கு இடத்தில் எழுதினார். 'அணு வளர்ப்பு, உப்புச் சோதனை' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. எழுந்து அவளுடைய அறைக்கு வந்து, கதவோரமாக நின்றார். காதுமடல் சிவந்திருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க பேரு என்ன?"

ஜோங்-ரேவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க, நானே எழுதுறேன்."