சபையில் விட்டுவந்த ஹால் டிக்கெட்

கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் காலைத் தேநீர் இப்போதும் கல்லூரி வாசல் கடையில்தான். சென்ற பருவத் தேர்வன்று அங்கே ஒரு மாணவி அழுதுகொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்காகச் சபையில் வைத்த ஹால் டிக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டாள். சபை இருப்பது குழித்துறைக்கு அப்பால்; போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். தேர்வுக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

“ஏட்டி, கர்த்தர்கிட்ட குடுத்தத திரும்ப வாங்கணும்னு தெரியாதா?” என்றாள் கூட நின்ற மூன்று தோழிகளில் ஒருத்தி. “சரி, அழாத மக்கா, நாங்க இருக்கோம்லா.”

“நகல் வாங்கலாம். விண்ணப்பம், புகைப்படம், துறைத்தலைவர் கையெழுத்து, பிறகு முதல்வர்” என்று நான் வரிசையாகச் சொன்னேன். என் காலத்தில் அதற்கு இரண்டு நாள் ஆகும். அதில் ஒரு நாள் முத்திரையைத் தேடுவதற்கு.

நான் முடிக்குமுன் அந்தத் தோழி விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருந்தாள். இன்னொருத்தி அழுதவளின் பழைய பஸ் பாஸிலிருந்து படத்தைப் பிய்த்தாள். மூன்றாமவள் வண்டி நிறுத்துமிடத்திலேயே துறைத்தலைவரை மறித்துக் கையெழுத்து வாங்கினாள். மணி அடிக்குமுன் முதல்வரும் கையெழுத்திட, அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேர்வறைக்குள் போனாள்.

அந்த மூவருக்கும் அதே தேர்வுதான். கடைசி அரை மணி நேரத்தில் ஒருத்தியும் புத்தகத்தைத் திறக்கவில்லை.