மாமா பேசாத கூட்டம்

சித்தூரில் மைக் செட்டும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன். கிரானைட் குவாரிக்கு அனுமதி தருவதற்கு முன் அதிகாரிகள் ஊர் மக்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். அதற்கும் என் பந்தல்தான். அந்தக் கூட்டங்களால் எந்தக் குவாரியும் நின்றதில்லை. ஆனால் ஒரு முறை, பள்ளிக்கூட நேரத்தில் வெடி வைக்கக் கூடாது என்று ஒரு பெண் அழுதபடி கேட்டாள். அதை நிபந்தனையாகவே சேர்த்தார்கள். இதை என் அக்கா வீட்டில் சொல்லியிருந்தேன்.

அக்காவைக் கங்காதர நெல்லூர் பக்கம் கொடுத்திருக்கிறது. மாமாவுக்கு இரண்டு கறவை மாடு, கொஞ்சம் மாமரம். ஊருக்கு மேலே இருக்கும் கரட்டில் துளை போட்டுப் பார்த்து, பேட்டரிக்கு வேண்டிய ஏதோ கனிமம் இருக்கிறது என்றார்கள். மாமா சுரங்கமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே என்றுதான் நினைத்தார். கரட்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஓடையை மட்டும் மண் கொட்டி மூடிவிடக் கூடாது. கூட்டத்தில் அதைக் கேட்க வேண்டும் என்றார்.

வீட்டில் தமிழ் பேசுகிறவர். அதிகாரிகள் முன்னால் தெலுங்கு திக்கும். எங்கள் ஓடையை மூடிவிடாதீர்கள் என்பதைப் பால் கறந்துகொண்டே தெலுங்கில் ஒத்திகை பார்ப்பார்.

"மா வாகு மூசேயகண்டி சார். சரியா கீதா மச்சான்?"

"சரியா கீது மாமா. மைக்கை வாய்கிட்ட வச்சிக்கினு மெதுவா பேசு, போதும்."

ஒரு நாள் டீக்கடையில் கிராம வருவாய் அதிகாரியைப் பார்த்தோம். கூட்டம் எப்போது என்று மாமா கேட்டார்.

"இதுக்குக் கூட்டம் இல்லப்பா. நாட்டுக்கு அவசரமா வேண்டிய கனிமம். ஜனங்களைக் கேக்க வேண்டியதில்லைன்னு ஆர்டர் வந்துகீது. எல்லாம் டில்லியிலயே பாத்துக்குவாங்க."

"அப்போ நான் யார்கிட்ட சொல்றது?"

"அர்ஜி எழுதிக் குடு. மேல அனுப்பறேன்."

மாமா கொடுத்தார். ஓடையை யாரும் வந்து பார்க்கவில்லை. அனுமதி சீக்கிரமே வந்தது. லாரி போவதற்குப் பாதை போட்டபோது ஓடைக்குக் குறுக்கே மண்ணை நிரப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த புயல் மழையில் தண்ணீர் பாதையில் முட்டித் திரும்பி ஊருக்குள் இறங்கியது. விடிந்ததும் அக்கா போன் செய்தாள்.

"கொட்டா செவுரு வுழுந்துடுச்சிடா. மாடு உள்ள கீது."

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா சேற்றில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாடு செத்துப் போயிருந்தது. இன்னொன்றுக்கு முதுகெலும்பு முறிந்து, கண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். மதியம் கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார். இரண்டையும் அள்ளிப் புதைக்க, சுரங்கத்திலிருந்துதான் ஜேசிபி வந்தது.

மறுநாள் நானும் மாமாவும் சைட் ஆபீசுக்குப் போனோம். இன்ஜினியர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அந்த ஓடை எங்க மேப்பிலேயே இல்லை. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதைக்கு அடியில் குழாய் போட்டிருப்போமே" என்று தெலுங்கில் சொன்னார்.

மாமாவுக்குத் தெலுங்கு திக்கியது. என்னைப் பார்த்தார். கூட்டம் இல்லை என்று சொன்னதையும் அர்ஜி கொடுத்ததையும் நான்தான் சொன்னேன்.

சில நாட்களிலேயே குழாய் பதித்துவிட்டார்கள். ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வேறு மாடு பார்க்கலாம் என்று கூப்பிட்டேன்.

"வேணாம் மச்சான். அந்தக் கொட்டா பக்கம் போவவே முடியல" என்றார்.

அக்கா காணிப்பாக்கத்தில் கோயில் வாசலில் ஒரு தேங்காய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறாள். மாமா பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கிறார். நான் போனால் "வா" என்கிறார். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.