கணக்கில் இல்லாத சைக்கிள்கள்

நாட்டில் சண்டை முடிந்து, எங்கள் வாவிக்கரைக் கிராமத்துக்கு இப்போதுதான் வழவழப்பான காபெட் தார்வீதி வரப்போகிறது. அதன் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்க, ஊரவர்களோடு இன்று காலை புளியந்தீவு அரச அலுவலகத்தில் நடந்த கூட்டத்துக்குப் போனேன்.

நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தேன். அதிகாரி குடிசனக் கணக்கெடுப்பின் அட்டவணையை என் பக்கம் திருப்பினார்.

“உங்கட ஊரில கார் இல்ல, சரி. சைக்கிளும் இல்லையே! ஆருக்கு ஐயா பாதை?”

சன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர்ச் சைக்கிள்கள் மதில் நீளத்துக்குச் சாத்திக் கிடந்தன. திரும்பிப் பார்த்தேன். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு மச்சானைப் பிடித்துக் கேட்டேன்.

“சுனாமி நேரம் இல்லையெண்டு சொன்ன ஆக்களுக்குத்தானே சைக்கிள் குடுத்தவங்க? இந்தமுறையும் எண்ண வந்தாங்க. அதான் இல்லையெண்டு சொன்னம்.”

“எல்லாருமா?”

“ஓம், எல்லாரும்தான்.”

இந்தப் பாதைக்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். போட்டவர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி என்னிடம் மூச்சுக் காட்டவில்லை.

கொதிப்போடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் வெட்டிக்கொண்டிருந்த மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“எண்ண வந்த அண்டைக்கு நீங்க பஸ்ஸில போயிருந்தீங்க. உங்கட சைக்கிளையும் நான்தான் குசினிக்குப் பின்னால வச்சுப் படங்கால மூடினன்.”

அந்தத் தார்ப்பாய்ப் படங்கும் சுனாமிக்குத் தந்ததுதான்.

உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? தைரியமாகச் சொல்லுங்கள். நான் எண்ண வந்தவன் இல்லை.