சிதறி நிற்கச் சொன்ன கேப்டன்

செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடும் எங்கள் அணிக்கு அவர்தான் கேப்டன். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். எதிரிகள் பதுங்கிய வீட்டுக்குள் நுழையுமுன் எப்போதும் சொல்வார்: "ஏலே, ஒரே ரூம்ல கூடாதீகலே, சிதறி நில்லுங்க." அவருக்குக் கீழே ஆடுவதே பெருமை. அங்கே போய் லாரி டிரைவர் என்று சொல்ல வெட்கப்பட்டு, சென்னையில் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

தீபாவளி சீசனில் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு லோடு ஏற்றப் போனேன். வெடிமருந்து அறை வாசலில் கூடி நின்ற வேலையாட்களைப் பார்த்து ஒருவர் அதே வார்த்தைகளைக் கத்தினார். ஒல்லியான ஆள். அலுமினியப் பொடி படிந்து கைகள் முழங்கை வரை வெள்ளியாய் மின்னின. பழக்கதோஷத்தில் "சரி கேப்டன்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பினார். என் குரல் அவருக்கும் பழக்கம்தானே. என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மைக்கை ஆன் செய்யாமலே ஆட்டத்துக்குள் நுழைந்தேன். அணியில் ஒருவன், "இன்ஜினியர் சத்தத்தையே காணோம்?" என்றான்.

"மீட்டிங் முடிஞ்சு இப்பத்தான் வந்திருக்காக. அலுப்பா இருப்பாக," என்றார் கேப்டன்.