ஐந்தரை மணிப் பெரட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, அருள்வாக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரியில் இருபத்தாறு வருஷமாக மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். மிஷின் நின்றால் எங்கேயோ வயர் அறுந்திருக்கும், இல்லை பேரிங் போயிருக்கும், காரணம் இல்லாமல் எதுவும் நிற்காது, காரணம் இல்லாமல் எதுவும் ஓடாது. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேனே என்பதற்காகவாவது கடைசிவரை கேளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் மனைவி பெயர் பத்மா. எங்கள் ஒரே மகள் தஞ்சோங் மாலிமில் யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, அப்போதுதான் இவள் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த தியான வகுப்பில் சேர்ந்தாள். சும்மா மூச்சுப் பயிற்சி, ஒரு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அவளோ முதல் நிலையை முடித்து, மேல்நிலைப் படிப்பு என்று இரண்டு வருஷப் படிப்பிலும் சேர்ந்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு பாடத்தாள் வரும், அதை அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொண்டு, சாம்பார் கொதிக்கக் கொதிக்கப் படித்துப் பென்சிலால் கோடு போடுவாள்.

ஒரு நாள் எனக்கும் விளக்கம் சொன்னாள். "நம்ம அறிவு இந்த ஒடம்போட நின்னு போறதில்லையாங்க. தெனம் பழகுனா கொஞ்சங் கொஞ்சமா அகலமாகுமாம்."

"உன் ஒடம்புதான் அகலமாகுது," என்றேன் நான். அவளும் சிரித்தாள். அப்புறம் ஒரே வருஷத்தில் அந்த உடம்பு எவ்வளவு இளைத்துப்போனது என்பதைப் பார்த்தவன் நான், அந்தக் கிண்டலை இப்போது நினைத்தாலும் என் நாக்கை இழுத்து வைத்து அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தப் படிப்பில் முக்கியமான விஷயம் ஜோடி அமர்வு. வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுவார்கள், தினமும் மாலை ஐந்தரையிலிருந்து ஆறுவரை அவரவர் வீட்டில் கண்ணை மூடி உட்கார வேண்டும், ஒருவர் இன்னொருவரை மனதால் உணரப் பழக வேண்டும். ஆறு மணிக்கு வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி. படிப்பு முடியும்வரை நேரில் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, படம் அனுப்பக் கூடாது, குடும்பக் கதை, நோய்க் கதை எதுவும் கூடாது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வரவில்லை என்றால் பேரை எடுத்துவிடுவார்கள்.

பத்மா இதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தாள். அவள் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், அங்கே விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிடும்போது குரல் வரவில்லையென்றால் பேரை வெட்டிவிடுவார்கள். எஸ்டேட்டை விற்றுத் தாமான் என்று குடியிருப்பு கட்டி எத்தனையோ வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை. ஐந்தரை அடித்தால் போதும், "பெரட்டுக்கு நேரமாச்சுலா" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

அவளுக்கு வாய்த்த ஜோடி தைப்பிங்கில் ஓர் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் தெரேசா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், மாலையில் தியானத்திலும் உட்காருவார். பத்மாவை அக்கா என்றுதான் எழுதுவார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மழையை வைத்து ஒரு விளையாட்டு இருந்தது. ஈப்போவில் சாயங்கால மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பாதித் தியானத்தில் தூறல் சத்தம் கேட்டால் பத்மாவால் உட்கார முடியாது, எழுந்து பின்பக்கம் ஓடி, கொடியில் கிடக்கும் துணியை அப்படியே பிடித்து இழுப்பாள், கிளிப்பெல்லாம் தெறித்துப் புல்லில் விழும். "மழை. பாதியில எந்திரிச்சிட்டேன், மன்னிச்சிரும்மா" என்று அனுப்புவாள். "தைப்பிங்காரிகிட்டயே மழைய சொல்றீங்களாக்கா?" என்று பதில் வரும், மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் தைப்பிங். புல்லில் கிளிப் பொறுக்குவது என் வேலை, பொறுக்கிக்கொண்டே திட்டுவதும் என் வேலைதான்.

அவள் உட்காருவது எங்கள் கல்யாணத்துக்கு வந்த இரட்டைப் பாயில். எப்போதும் இடது ஓரமாக உட்காருவாள், வலது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவைப்பாள். "ஒரு நாளாச்சும் வந்து உக்காருங்கலா" என்பாள். "நாள் பூரா நின்னுட்டு வர்றவனுக்கு உக்கார கிளாஸ் வேணுமா?" என்று சொல்லிவிட்டு நான் வாசலில் நிறுத்திய காரிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரை மணி நேரம்தான், எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஒரு நாள்கூட நான் போய் உட்காரவில்லை.

பிறகு நுரையீரலில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே ஐந்தரைக்குக் கண்ணை மூடுவாள், ஆறு மணிக்கு அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். விதிப்படி, நோய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல விடவில்லை. ஒரு திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குப் போய்விட்டாள். ஆறு மணிக்கு நான் சவக்கிடங்குக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் சட்டைப் பையில் இருந்த அவள் போன் அடிக்கிறது. "அக்கா, இன்னிக்கு ரொம்ப அமைதியா இருந்துச்சு."

எத்தனையோ பேருக்குச் செய்தி சொன்னவன் வகுப்புக்குச் சொல்லவில்லை, அந்த ஒருவருக்கும் சொல்லவில்லை. என் விரல் "உக்காந்தேன்" என்று டைப் செய்து அனுப்பிவிட்டது.

மறுநாளும் அனுப்பினேன், அதற்கு மறுநாளும் அனுப்பினேன். ஏன் என்று கேட்டால், உலகத்திலேயே அந்த ஒருவருக்குத்தான் பத்மா இன்னும் உயிரோடு இருந்தாள். மற்ற எல்லோரும் அவளைப் பற்றி 'இருந்தாங்க' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், இவர் மட்டும் தினமும் ஆறு மணிக்கு அக்கா என்று கூப்பிட்டார். பெரட்டில் அவள் பேருக்கு நான் குரல் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் நான் உட்காரவில்லை. பேக்டரி வாசலில், சிக்னலில், எங்கே இருந்தாலும் அனுப்புவேன்.

தெரேசாவும் எழுதிக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு முன்னாடியே வந்துட்டீங்க." "இன்னிக்கு மூச்சு லேசா இருக்குதுக்கா." செத்துப்போனவளை இந்த அம்மா உணர்கிறாராம்! எனக்கு அழுகையும் வந்தது, ஒரு பக்கம் கோபமும் வந்தது. பத்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, "பாத்தியா, ஒன் படிப்பு அவ்ளோதான்" என்றுகூடச் சொன்னேன்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை காலையில் யூனிபாரம் எல்லாம் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு ஓவர்டைம் போனேன். மாலை ஐந்தரைக்கு மேல் பிடித்த மழை, பேக்டரிக் கூரை பிய்ந்துவிடும் போல் அடித்தது. துணி போச்சு என்று நினைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வழக்கம்போல் "உக்காந்தேன்" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"மழையாக்கா? பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க. திரும்பி வரவே இல்ல."

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பழைய பழக்கம் தெரியும், மழையும் தெரியும், ஊகித்திருப்பார் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனேன். கொடியில் ஒரு துணிகூட இல்லை. கிளிப்புகள் புல்லில் இறைந்து கிடந்தன, இரண்டு கொடியிலேயே தொங்கின. சமையலறைக் கதவைத் திறந்தால், உள்ளே, பூட்டிய கிரில்லுக்கு உள்ளே, கூடையில் என் யூனிபாரம் குவிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியைக் கேட்டேன், மகன் வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன் என்றார், அவரிடம் சாவியும் கிடையாது. இன்னொரு சாவி மகளிடம், மகள் தஞ்சோங் மாலிமில் ஹாஸ்டலில். வீடியோ கால் போட்டேன், பின்னால் அவள் கட்டில் தெரிந்தது, "என்னாப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அந்தக் கூடையைக் கட்டிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன், சுடுகாட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் விதியை உடைத்து, பத்மாவின் போனிலிருந்தே தெரேசாவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "அக்கா?" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

"நான் பத்மா வீட்டுக்காரரு. நாளைக்கு ஒங்கள பாக்கணும்."

"பாக்கக் கூடாதேண்ணே. அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தைப்பிங்கில், சர்ச்சில் பூசை முடிந்து வந்தவரை ஒரு காப்பிக் கடையில் பார்த்தேன். வெளியே அங்கேயும் மழை. நாற்பது வயது இருக்கும், பையில் பத்மா வைத்திருந்த அதே பாடத்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். தெரேசா கிளாசைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்போ நேத்து வந்தது யாருண்ணே?" என்றார்.

நான் பத்மாவின் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு மாசமா தெனம் வந்தாங்கண்ணே. எப்பவும் போல எடது பக்கம்தான் உக்காருவாங்க. வலது பக்கம் ஒரு ஆள் எடம் காலியா கெடக்கும். அது எனக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. பத்மாவும் எழுதியிருக்கவில்லை, அவள் போனில் இருந்த ஒவ்வொரு வரியையும் நான் படித்தவன். "அது எனக்கு வச்ச எடம்மா," என்றேன். அந்தக் கடையில் எத்தனை பேர் பார்த்தார்களோ, இரண்டு பேருமே அழுதோம்.

கிளம்பும்போது தெரேசா சொன்னார், "சொல்லாமலே இருந்திருக்கலாம்லாண்ணே. எனக்கும் அவங்க இருந்தாங்க."

அன்று மாலை ஐந்தரைக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் பாயை விரித்து வலது பக்கம் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குத் தெரேசாவின் வரி வந்தது. "வலது பக்கம் நீங்க இருக்கீங்கண்ணே. எடது பக்கம் காலி." மறுநாளும் அதுதான், அதற்கு மறுநாளும் அதுதான். வகுப்பில் தகவல் சொன்னோம், பத்மாவின் பேரை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் குரல் கொடுத்து வைத்திருந்த பேரை நானே வாயைத் திறந்து வெட்டிவிட்டேன் என்றுதான் எனக்குப் படுகிறது. உண்மையைச் சொன்னது தப்பா என்று யாரிடம் போய்க் கேட்பது?

வானம் கறுத்திருக்கும் காலையில் வேண்டுமென்றே துணி காயப்போடுகிறேன். மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கும், கிளிப் ஒன்றுகூட விழுந்திருக்காது. இதுவரை ஒரு தடவைகூட அவள் எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்று சோதித்துப் பார்ப்பதற்காக, தெரேசாவிடம் சொல்லாமல், பத்மாவின் இடது பக்கத்திலேயே போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வெளியே மழை பிடித்தது. ஆறு மணிக்கு முன்னால் தெரேசா போனைத் தொடவே மாட்டார், அன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கே போன் அடித்தது.

"அங்க உக்காராதீங்கண்ணே. அக்கா நின்னுக்கிட்டு இருக்காங்க."

படித்ததும் கண்ணை மறுபடி மூடிக்கொண்டு வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆறு மணிக்கு எழுந்து பின்பக்கம் போனேன், துணியெல்லாம் நனைந்துபோய்க் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, புல்லில் ஒரே ஒரு கிளிப் கிடந்தது.